ஜன்னலுக்கு ஆணி அடிக்க வேண்டாம்

ஆனி பிறந்தால் நமக்குக் கச்சான் காற்று. ஆடி முழுவதும் அதன் ராச்சியம்தான். ஆவணி வந்தும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஹப்புத்தளைக் கணவாய் வழியாகப் பாய்ந்து, பெரகலைச் சந்தியில் நிற்கிற ஆளைத் தள்ளுகிற அந்தக் காற்று, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பூனாகலைப் பக்கத்து லயங்களின் ஜன்னல்களை இரவு முழுவதும் அடித்துக்கொண்டே இருக்கிறது. பகலெல்லாம் மலையில் கொழுந்து கிள்ளி வந்த உடம்பு இரவிலும் தூங்க முடியவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம்.

கடந்த மாதம் நமது தோட்டக் கமிட்டித் தோழர்களும் மாதர் பிரிவுத் தோழியரும் சில லயங்களில் வீடு வீடாகப் போனோம். கூரைத் தகரத்தின் நிலையைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் எங்கள் கண்ணில் அதிகம் பட்டது ஜன்னல்கள். ஒரு காம்பராவில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக உரச்சாக்கு. அடுத்ததில் பழைய தேர்தல் பெனர். இன்னொன்றில் பிஸ்கட் பெட்டி மட்டை, அது நனைந்து ஊறி நின்றது. பல வீடுகளில் பலகை ஜன்னலை நிலையோடு சேர்த்து நான்கு அங்குல ஆணியால் அடித்தே விட்டார்கள். இனி அது ஜன்னல் அல்ல, சுவர்.

ஏன் இப்படி அடித்துவிட்டீர்கள் என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டோம். “என்னா செய்யச் சொல்றீங்க தலைவரே? மூடி வச்சா கொண்டி நிக்கல. தொறந்து வச்சா காத்து அடுப்பையே அணைச்சிடுது. ஆணிய அடிச்சதுக்கு அப்புறந்தான் பேரப்புள்ள தூங்குது” என்றார்.

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு குடும்பம், கையில் இருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டது. ஆனாலும் இந்த இதழில் நாம் சொல்ல வந்தது இதுதான்: ஜன்னலுக்கு ஆணி அடிக்க வேண்டாம். அது பூட்டவும் திறக்கவும் கூடிய ஜன்னலாகவே இருக்க வேண்டும். அதைச் சரியாக்குவதில் நம் கைக்கு எட்டியதை நாம் செய்வோம். மிச்சத்தை, செய்ய வேண்டியவர்களைக் கொண்டு செய்விப்போம். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே செய்விப்போம்.

காற்றுக்கு விலை உண்டு

இந்தக் காற்று எல்லோருக்கும் தொல்லை அல்ல. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசுகிற இந்த வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுக்கிறது. காய்ந்த காற்றில் செடி மெதுவாக வளர்கிறது, கொழுந்தில் வாசனை கூடுகிறது. ஊவாவின் நல்ல பருவம் என்று உலகச் சந்தையில் பேர் வாங்குவது இந்த மூன்று மாதத் தேயிலைதான். கொழும்பு ஏலத்தில் இந்தக் காற்றுக்கு விலை இருக்கிறது.

தேயிலை ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். ஹப்புத்தளை தம்பேத்தன்னையில் 1890ஆம் ஆண்டளவில் தோமஸ் லிப்டன் காலத்தில் எழுந்த தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்து ஸ்டோர்கள் எல்லாம் பல மாடி, மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல்கள். கொழுந்து வாடப்போடும் மாடியில் எந்தப் பக்கத்து ஜன்னலை எப்போது திறப்பது, ஈரக்காற்று வந்தால் எதை மூடுவது என்று பார்ப்பதற்கே ஆள் இருந்தது. கொழுந்து அதிகம் வாடினாலும் கெட்டுப்போகும், வாடாமல் இருந்தாலும் கெட்டுப்போகும். ஆகவே ஜன்னல் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். பிறகு காற்றாடி வைத்த வாட்டுத் தொட்டிகள் வந்தன. அதிலும் காற்றுக்குக் கணக்கு உண்டு.

துரை பங்களாவையும் பாருங்கள். காற்று வரும் திசை பார்த்துக் கட்டியது. கண்ணாடி ஜன்னல், உள்ளே தடித்த திரை, குளிருக்கு நெருப்பு மூட்டும் இடம், புகை போகப் புகைபோக்கி. குளிரும் காற்றும் மனிதரை என்ன செய்யும் என்று அன்றே கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லயம் கட்டும்போது மட்டும் அது மறந்துபோனது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாக இருந்தால் பின்பக்கம் ஜன்னலுக்கு இடமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் திறப்பு உள்ள அறையில் காற்று வந்தால் வெளியே போக வழி இல்லை. வராவிட்டால் புகை வெளியே போக வழி இல்லை. கொழுந்துக்குக் கொடுத்த மரியாதையைக் கொழுந்து பறிப்பவருக்குக் கொடுக்கவில்லை என்பதற்கு அந்த ஜன்னலே சாட்சி.

ஆணி அடித்த ஜன்னல் செய்வது என்ன

ஆணி அடித்த அன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம். அதன் பிறகு வருவது மூன்று ஆபத்து.

முதலாவது புகை. நம் காம்பராக்களில் பெரும்பாலும் விறகு அடுப்பு. ஈர விறகு என்றால் புகை இன்னும் மோசம். ஜன்னலை அடைத்த பிறகு அந்தப் புகையைச் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் தாயும் அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான். தீராத இருமல், இழுப்பு, குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சல் எல்லாம் இந்தப் புகையோடு சம்பந்தப்பட்டவை. காசநோய் உள்ளவர் ஒருவர் வீட்டில் இருந்தால், காற்றோட்டம் இல்லாத அறையில் அது மற்றவர்களுக்கும் எளிதில் தொற்றும். குளிருக்காகக் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் மூடிப் படுப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இரண்டாவது, தப்பிக்கும் வழி. லயத்தில் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். கூரை ஒன்று, மரச்சட்டம் ஒன்று, மின்வயர் பழசு. கதவுப் பக்கம் தீ என்றால் வெளியேற மிஞ்சியிருப்பது ஜன்னல்தான். அதற்கு ஆணி அடித்திருந்தால் என்ன செய்வது?

மூன்றாவது, மலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி வந்ததை ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் மறந்தவர் யாரும் இல்லை. லயங்கள், கோயில், ஆட்கள் என்று எல்லாவற்றையும் மண் மூடியது. பலருடைய உடல்கள் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தும், அந்த மக்களுக்குப் போக இடம் கொடுக்கப்படவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயங்கள் அழிந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, நாட்டில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

இந்த அளவு மண் வந்து விழும்போது நல்ல ஜன்னலும் கெட்ட ஜன்னலும் ஒன்றுதான். அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் மலை இறங்குவதற்கு முன் பல நேரங்களில் வீடு நமக்குச் சொல்லிவிடுகிறது. அதிலும் முதலில் சொல்வது கதவும் ஜன்னலும். தரை மெல்ல நகர்ந்தால் சுவர் சாய்கிறது; சுவர் சாய்ந்தால் நிலை கோணுகிறது. நேற்று வரை மூடிய ஜன்னல் இன்று மூட மறுக்கிறது. நிலையின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்சரிவின் அறிகுறிகளாகச் சொல்லும் பட்டியலில் இதுவும் உண்டு. நிலத்தில் வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது, ஊற்று திடீரென்று வற்றுவது அல்லது புதிய இடத்தில் கிளம்புவது, ஓடைத் தண்ணீர் சேறாக வருவது ஆகியவை மற்றவை.

மழைக்காலத்தில் எல்லாப் பலகையும் கொஞ்சம் ஊதும், இறுகும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரே லயத்தில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் இறுகினால், கண்ணாடி தானாகவே வெடித்தால், வெடிப்பில் நேற்று விரல்நுனி போகாத இடத்தில் இன்று விரல் போனால், அது மரம் ஊதியதால் வந்ததல்ல. பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் கிராம சேவையாளருக்கும் தோட்டத் தலைவருக்கும் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயார், 150 மில்லிமீற்றர் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் வெளியேற்றம் என்பதுதான் அந்த நிறுவனம் வைத்திருக்கும் அளவு. பக்கம் நேராக உள்ள ஒரு வெறும் டின்னை வெட்டவெளியில் வைத்துப் பள்ளிப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தாலே இது தெரிந்துவிடும்.

ஆணி அடித்த ஜன்னல் இதையெல்லாம் சொல்லாது. அது மூடாது என்று நமக்குத் தெரியவே தெரியாது. இரவில் மேலே கல் உருளும் சத்தமும் உள்ளே கேட்காது.

நம் கையால் ஆகக்கூடியவை

பெரிய செலவில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்யக்கூடியவை சில உண்டு. தச்சு வேலை தெரிந்த தோழர் ஒருவர் இல்லாத லயம் இல்லை.

ஆணிக்குப் பதில் குறுக்குச் சட்டம். ஜன்னல் நிலையின் இரு பக்கமும் உட்புறமாக ஒவ்வொரு கொக்கி அடித்து, அதில் ஒரு கெட்டியான மரச்சட்டத்தை இறக்குங்கள். எந்தக் காற்றும் ஜன்னலைத் தள்ளித் திறக்காது. வேண்டும்போது ஒரு கையால் தூக்கி எடுத்துவிடலாம். சின்னப் பிள்ளைக்கும் அதை எடுக்கக் கற்றுக் கொடுங்கள். ஜப்பானில் சூறாவளிக்குப் பழகிய வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே மரக் கதவு ஒன்று தனியாக இருக்கும். காற்று வரும்போது மூடி, போனதும் திறந்துவிடுவார்கள். நம் குறுக்குச் சட்டத்தின் நோக்கமும் அதுதான்.

இடுக்குகளுக்கு சைக்கிள் டியூப். பழைய டியூப்பை ஒரு அங்குல அகலத்தில் நீளமாக வெட்டி, ஜன்னல் வந்து முட்டும் நிலையின் உள்விளிம்பில் சின்ன ஆணியால் அடித்துவிடுங்கள். ஜன்னல் மூடும்போது ரப்பர் நசுங்கி இடுக்கை அடைக்கும். குளிர் உள்ளே வருவது பெரும்பாலும் பலகை வழியாக அல்ல, இந்த இடுக்கு வழியாகத்தான். ரப்பர் இல்லையென்றால் பழைய கம்பளித் துணியை மடித்து அடிக்கலாம், ஆனால் அது மழையில் ஊறும்.

நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள பிளவைக் காகிதத்தால் அடைக்காதீர்கள். காகிதம் ஈரத்தைப் பிடித்து மரத்தை உளுத்துப்போகச் செய்யும். காய்ந்த நாளில் சுண்ணாம்பும் மணலும், அல்லது சீமெந்தும் மணலும் குழைத்துப் பூசுங்கள். பூசும் முன் அந்த வெடிப்பு புதியதா பழையதா என்று பாருங்கள். புதியது என்றால் பூச வேண்டாம். பென்சிலால் இரு நுனியிலும் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு வளர்ந்தால் அது மலை அனுப்பிய கடிதம்.

கண்ணாடி போன இடத்துக்கு உரச்சாக்கு வேண்டாம். அதில் மருந்தும் உரமும் ஒட்டியிருக்கும். வெளிச்சமும் போய்விடும். மெல்லிய மரச்சட்டம் ஒன்று அடித்து, அதன் இரு பக்கமும் தெளிவான தடித்த பொலித்தீனை இழுத்துக் கட்டி, நிலைக்குள் பொருத்துங்கள். இரண்டு பொலித்தீனுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு அசையாத காற்று நிற்கும். குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். கம்பளி நம்மைச் சூடாக வைத்திருப்பதும் இப்படித்தான். குளிர்நாடுகளில் இரட்டைக் கண்ணாடி போடுவதும் இதற்காகவே. இந்தச் சட்டத்தையும் கொக்கியில் மாட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள்.

மழைக்கு ஜன்னலின் மேலே ஒரு தகரச் சாய்ப்பு வேண்டும். ஒன்றரை அடியாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும். தகரத்தைக் கம்பியால் கட்டாமல் சட்டத்தில் அடியுங்கள், இல்லாவிட்டால் காற்றில் அதுவே கத்தியாகப் பறக்கும். ஜன்னலின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உள்ளே சரிந்திருந்தால் எவ்வளவு அடைத்தாலும் தண்ணீர் படுக்கைக்குத்தான் வரும்.

புகைக்கு வழி விடுங்கள். கீழே எல்லாம் அடைத்த பிறகு, காற்று அடிக்காத பக்கத்துச் சுவரில் கூரைக்குக் கீழே ஒரு கையகலத் திறப்பாவது இருக்க வேண்டும். பறவையும் பூச்சியும் வராமல் கம்பி வலை போதும். அதை மட்டும் ஒருபோதும் மூடக் கூடாது.

புயல் அறிவித்தல் வந்தால் எல்லா ஜன்னலையும் மூடுங்கள். காற்று போக ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வது தவறு. உள்ளே நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே கூரை மேல் ஓடும் காற்று அதை மேலே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தகரத்தின் மேல் எத்தனை கல் வைத்தாலும் நிற்காது. பல வீடுகளில் கூரை போவது ஜன்னல் போன பிறகுதான். கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டினால் உடையாது என்பதும் தவறு. டேப் ஒட்டிய கண்ணாடியும் உடையும், பெரிய துண்டுகளாக விழும். பலகை அடைப்புதான் பாதுகாப்பு. புயல் நேரத்தில் ஜன்னலுக்கு எதிரே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

யார் பொறுப்பு

இத்தனையும் நாம் செய்தாலும், உளுத்துப்போன நிலையைச் சைக்கிள் டியூப் காப்பாற்றாது. முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில் பின்ஜன்னலை நாமாக வெட்ட முடியாது. வெட்டப் போனால் யாரைக் கேட்டு வெட்டினாய் என்று கேள்வி வரும். வீடு நமக்குச் சொந்தமில்லை, கை வைக்க முடியாது. பழுது பார்க்கச் சொன்னால் அது நம் வீடாகிவிடுகிறது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு பதிலும் ஒரே வாயிலிருந்து வருவதை நாம் பல காலமாகக் கேட்டு வருகிறோம்.

சட்டம் இவ்வளவு குழப்பமாக இல்லை. லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரக் கம்பனிகள் போய், 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் வந்து, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. கை மாறிய ஒவ்வொரு முறையும் தேயிலைச் செடியோடு சேர்ந்து லயமும் கை மாறியது. செடியின் விளைச்சலை எடுத்துக்கொள்பவர் லயத்தின் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அரசுக்கும் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடம் உள்ள பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்யலாம் என்றானது. அதுவரை தோட்டம் தனியார் இடம் என்று சொல்லி ஒதுங்கிய பிரதேச சபைகள் இனி அப்படிச் சொல்ல முடியாது. நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களிடம் இதை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

புதிய வீடு வரப்போகிறது, பழையதில் ஏன் காசு போடுவது என்றும் ஒரு பதில் உண்டு. புதிய வீடும் காணியும் நமது முதல் கோரிக்கை. அதிலிருந்து ஒரு அடி பின்வாங்க மாட்டோம். மண்சரிவு அபாயம் என்று குறிக்கப்பட்ட இடத்தில் உள்ள லயத்துக்கு ஜன்னல் போட்டுக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கவும் விடமாட்டோம். அங்கே வேண்டியது இடமாற்றம் மட்டுமே. ஆனால் வீடு எப்போது வரும்? மீரியபெத்தை மக்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கிடைக்க, அத்தனை சாவுக்குப் பிறகும், 2016 வரை இரண்டு வருடம் ஆனது. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேடையேறி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அந்த வரிசையில் முதல் 1,300 வீடுகளின் வேலை 2024இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. காத்திருக்கும் வருடங்களிலும் கச்சான் வீசும், ஐப்பசி மழை பெய்யும், பிள்ளைகள் பிறக்கும். காத்திருக்கிறவர் குளிரில்தான் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வரப்போகும் வீடுகளைப் பற்றியும் இப்போதே பேச வேண்டும். காயாத மரத்தில் செய்த நிலை ஒரே மழையில் வளைந்துவிடும். கொண்டியும் பிணைச்சலும் மலிவாகப் போட்டால் முதல் ஆடியிலேயே கழன்றுவிடும். ஜன்னலுக்கு மேல் சாய்ப்பு இல்லாத வீடு ஊவாவுக்குக் கட்டிய வீடு அல்ல. சாவியை வாங்கும் முன் ஜன்னலை மூடிப் பாருங்கள், திறந்து பாருங்கள். குறையிருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

ஜன்னல் கணக்கு எடுப்போம்

கோரிக்கையைப் பொதுவாக வைத்தால் பொதுவான பதில்தான் வரும். “பார்க்கிறோம், செய்கிறோம்” என்பதைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது. ஆகவே இந்த முறை கணக்கோடு போவோம்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பியை எடுங்கள். லயம் லயமாக, காம்பரா காம்பராவாகப் போங்கள். எத்தனை ஜன்னல், அதில் எத்தனை மூடித் திறக்கிறது, எத்தனைக்குக் கண்ணாடி இல்லை, எத்தனை நிலை உளுத்திருக்கிறது, எத்தனை ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது, சுவரில் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். இரட்டை லயம் என்றால் தனியாகக் குறியுங்கள். பிள்ளைக்காம்பராவை மறக்காதீர்கள்; நாள் முழுவதும் குழந்தைகள் இருக்கும் இடம் அது. இந்த வேலையை மாதர் பிரிவுத் தோழியர் முன்னின்று செய்ய வேண்டும். எந்த வீட்டில் மழை எந்த மூலையில் இறங்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கொப்பியில் எழுத உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு முடிந்ததும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு. ஒன்று ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் காட்ட. ஒன்று சங்கக் காரியாலயத்துக்கு. கொடுத்த திகதியையும் வாங்கியவர் கையெழுத்தையும் நம் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். வெடிப்பு உள்ள லயங்களின் பட்டியலைத் தனியாக எழுதி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று பிரதேச செயலகத்தின் மூலம் கேளுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் மேசை மேல் வைப்பது இந்தக் கொப்பியைத்தான்.

ஜன்னல் என்ன பெரிய விஷயமா, சம்பளத்தைப் பேசாமல் ஜன்னலைப் பேசுகிறார்களே என்று சிலர் கேட்கலாம். சம்பளத்தையும் பேசுவோம், காணியையும் பேசுவோம். ஆனால் இரவெல்லாம் தூங்காமல் காலைப் பிரட்டுக்குப் போகிறவரின் அரைப் பேரும், இழுப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரின் போன பேரும் சம்பளக் கணக்குத்தான்.

அந்தப் பெரியம்மா வீட்டு ஆணியை நம் தோழர்கள் அன்றே பிடுங்கிவிட்டார்கள். குறுக்குச் சட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அவர் இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தார். “இது நிக்குது. ஆனா நிலை உளுத்துப் போச்சே, அதுக்கு யாரு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கித் தருவதுதான் சங்கத்தின் வேலை. ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. கொப்பியைத் திறங்கள்.